நீலத்திரையும் பிழை காணும் கலையும்

வேலை செய்துகொண்டிருந்த கணிப்பொறி முன்னறிவிப்பு ஏதுமின்றி நின்றுவிடுகிறது. எழுதிக்கொண்டிருந்த பக்கம் மறைகிறது. அதன் இடத்தில் திரை முழுவதும் நீலம் பரவி, வெள்ளை எழுத்துக்களில் சில வரிகள் தோன்றுகின்றன. கற்றவர்க்கும் அவ்வரிகளின் பொருள் எளிதில் விளங்குவதில்லை. சிறிது நேரத்தில் இயந்திரம் தானாகவே மீண்டும் தொடங்குகிறது. ஒரு மணி நேரமோ ஒரு நாளோ ஒழுங்காக ஓடுகிறது. பிறகு மறுபடியும் அதே நீலம். வீட்டில் கணிப்பொறி வைத்திருப்போர் பலருக்கு இது பழகிய துன்பமாகும்.

இந்நிலையில் மனிதர் செய்வன பலவகை. ஒருவர் பெட்டியின் மேல் ஓங்கித் தட்டுகிறார். மற்றொருவர் வைரஸ் புகுந்துவிட்டது என்று தீர்ப்புக் கூறுகிறார். வேறொருவர் உள்ளிருப்பவற்றையெல்லாம் அழித்து, மென்பொருளை முதலிலிருந்து நிறுவச் செய்து, ஒரு வாரம் கழித்து அதே நீலத்தை மீண்டும் காண்கிறார். பெரும்பாலான வீடுகளிலோ, கடைசியாகக் கணிப்பொறியைத் தொட்டவன் எவனோ அவனே குற்றவாளி ஆகிறான். அவன் வயதில் சிறியவனாகவும் இருந்துவிட்டால், வழக்கு விசாரணையின்றியே முடிந்துவிடும். நானும் அவ்வாறு ஒரு தீர்ப்பு வழங்கியவன். அதனை இப்பேச்சின் இறுதியில் ஒளிக்காமல் சொல்வேன். அதற்கு முன்னர், இந்த நீலத்திரை எங்கிருந்து வந்தது, அது நமக்கு உணர்த்துவது யாது, கணிப்பொறியின் பிழையைக் காணும் கலை எவ்வாறு வளர்ந்தது என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவோம்.

என் இளமைக் காலத்தில் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் ஐந்தாறு வால்வுகள் இருந்தன. பெட்டியைத் திருகியவுடன் அவை மெல்லச் சிவந்து ஒளிரும். பிறகுதான் குரல் வரும். அவற்றுள் ஒன்று எரிந்துபோனால் வானொலி ஊமையாகிவிடும். அத்தகைய வால்வுகள் ஏறத்தாழ 18,000 ஒரே இயந்திரத்தில் இருந்தால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். 1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகிற்கு அறிமுகப்படுத்தப்பட்ட எனியாக் என்னும் கணிப்பொறி அத்தகையது. இத்தனை வால்வுகளுள் ஏதேனும் ஒன்று எப்பொழுதும் எரிந்துகொண்டே இருக்குமாதலால் இந்த இயந்திரம் பயன்படாது என்று ஐயுற்றோர் பலர். அதன் தலைமைப் பொறியாளர் எக்கர்ட் என்பார், எந்த வால்வையும் அதன் முழு ஆற்றலுக்கு இயக்காமல், தாங்கும் அளவிற்கு மிகக் குறைவாகவே இயக்குவது என்று விதி வகுத்தார். மின்சாரத்தை நிறுத்தித் தொடங்கும் வேளைகளிலேயே வால்வுகள் மிகுதியாகப் பழுதாவதைக் கண்டதால், பின்னர் இயந்திரத்தை நிறுத்தாமலே வைத்தனர். இவ்வாறு காத்தும் பழுதுகள் நேர்ந்தன. அவற்றைக் கண்டறிவதில் சிறந்து விளங்கியோர், அவ்வியந்திரத்திற்குக் கணக்குகளை அமைத்துத் தந்த ஆறு பெண்மணிகள். வரைபடங்களைக் கொண்டே இயந்திரத்தின் அமைப்பு முழுவதையும் கற்றுத் தேர்ந்த அவர்கள், விடை பிறழ்ந்த விதத்தைக் கொண்டு, பழுதானது எந்த வால்வு என்பது வரையில் சுட்டிக்காட்டும் திறம் பெற்றிருந்தனர். பழுதைக் காண விரும்புவோன் முதலில் பொருளின் அமைப்பை அறிதல் வேண்டும் என்பது அவர்கள் நமக்கு விட்டுச் சென்ற முதற்பாடம்.

அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டு மார்க் 2 என்னும் மற்றோர் இயந்திரம் பிழை செய்தது. அது வால்வுகளால் இயங்குவதன்று; ரிலே எனப்படும் மின்விசைகள் திறந்து மூடுவதனால் கணக்கிடுவது. பணியாளர் ஒவ்வொரு பகுதியாகத் தேடியபோது, எழுபதாம் எண்ணுள்ள ரிலேயின் இடையில் ஓர் அந்துப்பூச்சி சிக்கி மடிந்து கிடந்தது. பொறியாளர் பேச்சில் பிழைக்குப் ‘பக்’, அதாவது பூச்சி, என்று பெயர் வழங்குவது அதற்கு முன்பே உண்டு. 1878ஆம் ஆண்டிலேயே எடிசன் தம் கடிதமொன்றில் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். ஆகவே உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது அப்பணியாளர்க்கு வேடிக்கையாயிற்று. பிற்காலத்தில் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் இக்கதையைப் பல மேடைகளில் எடுத்துரைத்துப் புகழ்பெறச் செய்தார். எனினும் என் நெஞ்சைக் கவர்வது பூச்சியன்று; அவர்கள் அதனை என்ன செய்தார்கள் என்பதே. பணிக்குறிப்பேட்டில் பிற்பகல் 3 மணி 45 நிமிடம் என்று நேரம் குறித்து, இடம் குறித்து, அப்பூச்சியையும் அதே பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். வாஷிங்டன் நகர் அருங்காட்சியகத்தில் அவ்வேடு போற்றப்பட்டு வருகிறது. எழுதி வைத்ததனாலன்றோ இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அச்செய்தியை நாம் ஐயமின்றிப் பேச இயல்கிறது!

வால்வும் பூச்சியும் இயந்திரத்தின் உறுப்பிலே நேரும் பழுதுகள். உறுப்பெல்லாம் செவ்வையாக இருந்தும் பிழை நேருமோ? நேரும் என்பதை 1949இல் கேம்பிரிட்ஜில் உணர்ந்தவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் அமைத்த எட்சாக் என்னும் கணிப்பொறி அவ்வாண்டு மே மாதம் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதம் அவர் ஒரு கணித நிரலை எழுதினார். ஏறத்தாழ 126 வரிகளே கொண்ட அந்நிரலின் தொடக்க வடிவம் துளையிட்ட நாடாவாகப் பின்னாளில் கிடைத்தது. ஆராய்ந்தபோது அதில் இருபது பிழைகள் அளவில் காணப்பட்டன. பேரறிஞர் ஒருவர் கருத்தூன்றி எழுதியதிலேயே ஆறு வரிக்கு ஒரு பிழை! தம் வாழ்நாளில் எஞ்சியதன் பெரும்பகுதி தம்முடைய நிரல்களிலே தாமே செய்த பிழைகளைத் தேடுவதில் கழியப்போகிறது என்று, அக்காலத்தில் ஒருநாள் மாடிப்படியின் திருப்பத்தில் நிற்கையில் தமக்குத் தோன்றியதாக வில்க்ஸ் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் நகைப்பிற்காகச் சொன்ன சொல்லன்று அது. மனிதன் எழுதும் கட்டளையில் பிழை இருந்தே தீரும் என்ற அறிவிலிருந்துதான் பிழை காணும் கலை பிறந்தது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்டு ஹாமிங் என்னும் கணித அறிஞர் வேறொரு துன்பத்தில் உழன்றார். வார இறுதியில் கணக்குகளை இயந்திரத்திடம் ஒப்படைத்துச் செல்வார். மேற்பார்க்க ஆளில்லாத அவ்வேளையில் இயந்திரம் தன்னிடத்தில் பிழை நேர்ந்ததைக் கண்டுகொண்டால், அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இராது. பிழை நேர்ந்துவிட்டது என்று அறியும் இயந்திரம், அது எங்கே நேர்ந்தது என்பதையும் அறிந்து தானே திருத்திக்கொண்டால் என்ன என்று அவர் சினத்தோடு வினவினார். அச்சினத்தின் பயனாக 1950இல் பிழையைக் கண்டு திருத்தும் குறியீட்டு முறையை வெளியிட்டார். இன்று பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகளில் உள்ள நினைவகம் அவ்வழியில் வந்த முறைகளால் தன் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்கிறது. நம் வீட்டுக் கணிப்பொறிகளுள் பெரும்பாலானவற்றின் நினைவகத்தில் இந்த முழுமையான காவல் அமைவதில்லை. இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலையுண்டு.

நினைவகம் என்பது யாது? ராம் என்று கடைகளில் வழங்கும் அச்சிறு தகட்டில், கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளில் மின்னூட்டமாகச் செய்திகள் தங்கியிருக்கின்றன. ஊட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிடில் சுழியம். ஓர் அறையின் ஊட்டம் மாறிவிட்டால் செய்தி மாறிவிடும். 1978இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த மே, வுட்ஸ் என்னும் இருவர் வியத்தகு காரணமொன்றைக் கண்டறிந்தனர். நினைவகச் சில்லுகளை மூடியிருந்த உறைப்பொருளில் மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன. அவற்றினின்று வெளிப்பட்ட ஆல்பாத் துகள்கள் சில்லின் அறைகளில் பாய்ந்து, ஒன்றைச் சுழியமாக்கின! நிரலில் பிழையில்லை, சில்லு எரிந்துபோகவும் இல்லை, ஆயினும் விடை தவறிற்று. காரணத்தைக் கனவிலும் எதிர்பாராத இடத்தில் கண்ட இவ்வரலாறு, ‘இதுவாகத்தான் இருக்க வேண்டும்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வோர்க்கு நல்லதோர் எச்சரிக்கை.

இனி நீலத்திரைக்கு வருவோம். ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பறையில் ஒரு மாணவன் குழப்பம் செய்தால் அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். தலைமையாசிரியர் அறையில் உள்ள வருகைப் பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் யாரோ ஒருவரால் தாறுமாறாகத் திருத்தப்படுகின்றன என்று தெரியவந்தால், அன்று செய்யத்தக்கது ஒன்றே: அறையைப் பூட்டி, வேலையை நிறுத்தி, நடந்ததை எழுதி வைப்பது. கணிப்பொறியிலும் இவ்வாறே இரண்டு இடங்கள் உண்டு. நாம் பயன்படுத்தும் நிரல்கள் வகுப்பறையில் ஓடுகின்றன. கெர்னல் எனப்படும் கருவும், சாதனங்களை இயக்கும் டிரைவர் என்னும் இயக்கி நிரல்களும் தலைமையாசிரியர் அறையில் ஓடுகின்றன. 1985இல் வெளிவந்த இன்டெல் 80386 போன்ற செயலிகள் இவ்விரு இடங்களுக்கும் நடுவே உறுதியான சுவரை எழுப்ப வகைசெய்தன. வகுப்பறையில் பிழை நேர்ந்தால் அந்த ஒரு நிரல் மட்டும் மூடப்படும். உள்ளறையில் நேர்ந்தால், எந்தப் பதிவேட்டையும் இனி நம்புவதற்கில்லை. தொடர்ந்து ஓடினால் வட்டில் உள்ள நல்ல கோப்புகளின் மேல் கெட்ட செய்தி எழுதப்பட்டுவிடலாம். ஆதலால் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. நிறுத்திய காரணத்தைத் திரையில் அறிவிக்கிறது. அவ்வறிவிப்பே நீலத்திரை. ஆகவே அதனைக் காண்கையில் அஞ்சுவதைவிட, இயந்திரம் உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு மகிழ்வதே முறை.

1993ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டேவ் கட்லர் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி. என்னும் இயக்க முறைமையை வெளியிட்டது. அதன் நீலத்திரையை எழுதியவர் ஜான் வெர்ட் என்னும் பொறியாளர். நீலத்தை ஏன் தேர்ந்தார்? அதில் ஆழ்ந்த தத்துவம் ஒன்றுமில்லை. அவர் பணிபுரிந்த கணிப்பொறியின் தொடக்கத் திரையும், அவர் நிரல் எழுதப் பயன்படுத்திய மென்பொருளும் நீலப்பின்னணியில் வெள்ளை எழுத்துக் கொண்டவை. 1995இல் வந்த விண்டோஸ் 95இலும் நீலத்திரை உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. அதில் பலவேளை ஒரு பொத்தானை அழுத்தி வேலையைத் தொடரலாம். என்.டி.யின் நீலமோ இறுதியானது. அதன்பின் இயந்திரத்தை மீண்டும் தொடங்குவதன்றி வேறு வழியில்லை. இன்று நம் வீடுகளில் உள்ள விண்டோஸ் அந்த என்.டி.யின் மரபில் வந்தது. 2012இல் வருந்தும் முகக்குறி ஒன்று அத்திரையில் சேர்ந்தது. 2016இல் கைப்பேசியால் படிக்கத்தக்க க்யூஆர் குறி சேர்ந்தது. 2025இல் நீலத்தை நீக்கிக் கறுப்பாக்கும் மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நிறம் எதுவாயினும் அதன் கடமை ஒன்றே.

இந்நீலம் ஏழை வீட்டுக்கு ஒன்றும் செல்வர் வீட்டுக்கு ஒன்றும் என்று பார்ப்பதில்லை. 1998 ஏப்ரல் 20ஆம் நாள் சிகாகோவில் ஒரு பெருங்கூட்டத்தின் முன் விண்டோஸ் 98ஐ விளக்கிக்கொண்டிருந்தனர். மேடையில் பில் கேட்ஸ் நின்றிருந்தார். புதிய சாதனத்தை இணைத்தவுடன் அது தானே இயங்கும் என்று காட்டுவதற்காக ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். திரை நீலமாயிற்று. அரங்கம் நகைத்தது, இதனாலேதான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை என்னும் கருத்துப்பட கேட்ஸும் நகைத்துச் சமாளித்தார். புதிய சாதனம் செருகிய நொடியில் நீலம் வந்தது என்பதைக் கவனியுங்கள். சாதனத்துடன் அதன் இயக்கி நிரலும் உள்ளறைக்குள் நுழைகிறது. அந்நிரலை எழுதுவோர் பெரும்பாலும் வெளி நிறுவனத்தார். 2003இல் வெளியான ஆய்வொன்று, விண்டோஸ் எக்ஸ்பியில் நேர்ந்த நிலைகுலைவுகளில் 85 சதவீதத்திற்கு இத்தகைய இயக்கிகளே காரணம் என்று குறித்தது. இக்கேட்டினைத் தடுக்க, இயக்கி நிரல் ஓடுவதற்கு முன்பே கணிதமுறையில் அதனைச் சோதிக்கும் கருவியொன்றை மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் பால், ஸ்ரீராம் ராஜாமணி ஆகிய இருவர் வழிகாட்ட உருவாக்கினர். அவருள் ஸ்ரீராம் ராஜாமணி சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர் என்பது நம் மாணவர்க்கு ஊக்கம் தரத்தக்கது.

உலகெங்கும் நேரும் நிலைகுலைவுகளின் அறிக்கைகளை, பயன்படுத்துவோர் இசைவுடன் ஓரிடத்தில் திரட்டி ஆராயும் முறையும் இக்காலத்தில் வளர்ந்தது. அவ்வறிக்கைகளை ஆராய்ந்தோர் கண்ட புதிர் ஒன்றை ரேமண்டு சென் என்னும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் 2005இல் எழுதியிருக்கிறார். சில அறிக்கைகளில், எவ்வகையாலும் தவற இயலாத ஒரு கட்டளையில் இயந்திரம் தவறியிருந்தது. ஒரு பெட்டியைக் காலி செய் என்பது போன்ற எளிய கட்டளை அது. நிரலைப் பலமுறை படித்தும் குற்றம் காணவில்லை. பின்னர் அக்கணிப்பொறி உரியவர்களிடமே வினவினார்கள். செயலியை அதற்கு விதித்த வேகத்திற்கு மேல் ஓட்டியதே பல இடங்களில் காரணம் என்று தெரிந்தது. தம் கணிப்பொறி அவ்வாறு முடுக்கி விற்கப்பட்டது என்பதை அறியாமலே வாங்கியிருந்தோரும் அவருள் இருந்தனர். எக்கர்ட் 1946இல் வால்வுகளை ஆற்றலுக்குக் குறைவாக இயக்கிய அறிவை மறந்ததன் விளைவு இது.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பினை உலகெங்கும் அனுப்பியது. அம்மென்பொருள் உள்ளறையில் ஓடுவது. புதிய கோப்பு 21 செய்திகளை எதிர்நோக்கியது. அளிக்கப்பட்டவை 20 மட்டுமே. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடி நிரல் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படித்தது, நீலத்திரை தோன்றியது. பிழையுற்ற கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றுவிட்டன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய பயணச் சீட்டுகள் வழங்கப்பட்டன. ஒரே நேரத்தில் பரவிய அப்பிழையைத் திருத்துவதோ எளிதாகவில்லை. பல இடங்களில் ஒவ்வொரு கணிப்பொறியின் முன்னும் ஒருவர் அமர்ந்து, சேஃப் மோடு எனப்படும் குறைந்த இயக்கத்தில் அதனைத் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கவேண்டியிருந்தது. எழுதுகோலும் பொறுமையும் கைவிடத்தக்கன அல்ல என்பது அன்று நன்கு விளங்கிற்று.

இவ்வரலாற்றிலிருந்து வீட்டுக் கணிப்பொறிக்கு உரிய நெறியை வகுத்துக்கொள்ளலாம். முதலாவதாக, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். நோயாளியைக் காத்த பின்னரே நோயை ஆராய வேண்டும். இரண்டாவதாக, நீலத்திரை தோன்றும் ஒவ்வொரு முறையும் நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, திரையில் உள்ள நிறுத்தக்குறி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாவதாக, பழுது தொடங்கும் முன்னர்ப் புதிதாகச் சேர்ந்தது யாது என்று வினவுங்கள். ஒரு சாதனமாயினும் ஓர் இயக்கியாயினும் அதனை நீக்கிப் பாருங்கள். நான்காவதாக, குறிகளின் போக்கை நோக்குங்கள். எப்பொழுதும் ஒரே குறி, ஒரே வேலையின்போது வருமாயின் இயக்கியின் மேல் ஐயம் கொள்வது பொருந்தும். குறி ஒவ்வொரு முறையும் மாறி, வேலையோடு தொடர்பின்றி வருமாயின் நினைவகம், வெப்பம், மின்வழங்கி ஆகிய உறுப்புகளைச் சோதிக்கவேண்டும். ஐந்தாவது நெறியே தலையாயது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றினை ஒருங்கே மாற்றி இயந்திரம் குணமானால், குணம் எதனால் வந்தது என்பதை நீங்கள் ஒருபோதும் அறியமாட்டீர்கள்.

இனி, நான் சொல்வதாக ஒப்புக்கொண்ட செய்தி. ஓய்வுக்குப் பின்னர், நான் பணியாற்றிய பள்ளியின் பழைய மாணவர் பட்டியலை ஆண்டுவாரியாகக் கணிப்பொறியில் தட்டச்சுச் செய்து வந்தேன். கோடை தொடங்கியவுடன் நீலத்திரை தோன்றலாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் மாலையில் அதே கணிப்பொறியில் சிறிது நேரம் விளையாடுவது வழக்கம். நான் ஆராயவில்லை, ஒரு சொல்லும் கேட்கவில்லை, அவன் விளையாட்டே காரணம் என்று கடிந்து, கணிப்பொறியைத் தொடக்கூடாது என்று விலக்கிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். நாற்பது ஆண்டுக் காலம் மாணவரிடம் ‘சான்று எங்கே?’ என்று கேட்டவன் நான்.

விலக்கிய பின்னும் நீலம் நிற்கவில்லை. அப்பொழுதுதான் நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் பதினொரு பதிவுகள். குறிகள் நான்கு வகை. ஏழு முறை பேரன் பள்ளியில் இருந்த வேளையில் நேர்ந்திருந்தன. அப்பட்டியலைப் பார்த்தபோதே எனக்கு விடையில் பாதி கிடைத்துவிட்டது. குறிகள் மாறி மாறி வருவதால் நினைவகத்தைச் சோதிக்க எண்ணினேன். கிறிஸ் பிராடி என்பவர் 1994இல் முதன்முதலாக எழுதிய மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரல், நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். அதனை இரவு முழுதும் ஓடவிட்டேன். காலையில் திரையில் பிழைகள் வரிசையாக நின்றன. பெட்டியில் இரண்டு ராம் தகடுகள் இருந்தன. மின்சாரத்தை நிறுத்தி ஒன்றைக் கழற்றிச் சோதித்தேன். பிறகு அதனைச் செருகி மற்றதைக் கழற்றிச் சோதித்தேன். ஒரு தகட்டில் பிழையே இல்லை. மற்றதனை எந்தப் பள்ளத்தில் செருகினாலும் பிழை அதனுடனே சென்றது. குற்றவாளி அகப்பட்டான், அவன் வயது மூன்று, நீளம் ஒரு சாணுக்கும் குறைவு.

பழுதான தகட்டை நீக்கியபின் நீலத்திரை வரவில்லை. பிறகு தட்டச்சுச் செய்த பட்டியல்களைத் திறந்து பார்த்தேன். ஓராண்டின் கோப்பு திறக்கவே மறுத்தது. இயந்திரம் நிற்காமல் ஓடிய வேளைகளில், கெட்டுப்போன நினைவகத்தின் வழியே அது சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். கைப்பட எழுதிய பழைய படி இருந்ததால் அம்மாணவர் பெயர்கள் பிழைத்தன. நீலத்திரை என் வேலையைக் கெடுக்கிறது என்று நான் கோபித்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது தோன்றிய ஒவ்வொரு முறையும் என்னைக் காத்தது. தோன்றாதபோதுதான் கேடு நேர்ந்தது. மனிதர் விஷயமும் இத்தகையதே. பிழை செய்கிறோம் என்று உணர்ந்து நின்றுவிடுபவனால் பெருங்கேடு விளைவதில்லை. நான் பேரனைக் கடிந்த அன்று என்னை நிறுத்தும் திரை ஏதும் எனக்குள் தோன்றவில்லை.

அன்று மாலை அவனை அழைத்து, நோட்டையும் பழுதான தகட்டையும் காட்டி, நடந்ததை விளக்கினேன். என் தீர்ப்புத் தவறு என்றும் சொன்னேன். அவன் நோட்டின் பக்கங்களைப் புரட்டி, பதினொரு பதிவுகளையும் படித்தான். பிறகு, “தாத்தா, என்னைத் திட்டின நாளை மட்டும் இதிலே எழுதலையே” என்றான். எழுதுகோலை வாங்கி, அந்த நாளையும், அந்த நேரத்தையும், என் பிழை இன்னது என்பதையும் முதற் பதிவாக எழுதிச் சேர்த்தேன்.